ஒரே உறுப்பு, இரண்டு வழிகள்: உருளைப்புழுக்கள் காட்டும் பரிணாமம்

விலங்குகளின் பரிணாமத்தைப் பற்றி நம் பாடநூல்கள் பேசும்போதெல்லாம் வெளியே தெரியும் மாற்றங்களையே எடுத்துக்காட்டுகின்றன: துடுப்பு காலானது, முன்னங்கால் இறக்கையானது. ஓர் உறுப்பு கோடிக்கணக்கான ஆண்டுகளாக இடம் மாறாமல் இருக்க, அதை உருவாக்கும் முறை மட்டும் உள்ளுக்குள் மாறிக்கொண்டே வந்திருக்கலாம் என்பதற்கு அவற்றில் இடமில்லை. வேலூரில் நெடுநாளாக விலங்கியல் கற்பித்துவரும் நான், பரிணாமப் பாடத்தில் இதற்கு முதலிடம் தர வேண்டும் என்று கருதுகிறேன். இதை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டியவை, ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள உருளைப்புழுக்கள்.

எங்கள் பக்கத்தில் புழு என்றால் பள்ளியில் அல்பெண்டசோல் மாத்திரை கொடுத்து வெளியேற்றும் குடற்புழு நினைவுக்கு வரும்; விவசாயிகளுக்கோ தக்காளி வேரை முடிச்சு முடிச்சாக வீங்கச் செய்யும் நூற்புழு நினைவுக்கு வரும். நான் சொல்லவருபவை இவற்றின் உறவினங்களே என்றாலும் யாருக்கும் தீங்கு செய்யாதவை. அழுகும் பொருள்களில் பெருகும் பாக்டீரியாக்களைத் தின்று வாழ்பவை.

அவற்றுள் பெயர்பெற்றது சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ். உயிரியலாளர் சிட்னி பிரென்னர் 1960-களில் கேம்பிரிட்ஜில் இதை ஆய்வுக்குத் தேர்ந்தெடுத்தார். ஒளி ஊடுருவும் உடல், சில நாட்களிலேயே முடிந்துவிடும் ஒரு தலைமுறை, பெட்ரி தட்டில் ஈ. கோலை பாக்டீரியாவைத் தின்றே வளரும் எளிமை ஆகியவை அதற்கு உதவின. வளர்ந்த இருபால் புழுவின் உடலில் 959 உடற்செல் உட்கருக்கள் உள்ளன. அந்த எண்ணிக்கை புழுவுக்குப் புழு மாறுவதில்லை. ஜான் சல்ஸ்டனும் உடன் ஆய்வாளர்களும் நுண்ணோக்கியின் முன் அமர்ந்து ஒவ்வொரு செல்லும் எதிலிருந்து பிரிந்தது என்று தொடர்ந்து பார்த்து, 1983-இல் கருமுட்டை தொடங்கி முழு வம்சாவளியையும் எழுதி முடித்தார்கள். வேறு எந்த விலங்குக்கும் அதற்கு முன் இப்படியொரு முழுமையான பதிவு இருந்ததில்லை. ஒரு செல்லுக்குப் பெயரும் பிறப்பும் தெரிந்துவிட்டால், உறவுப் புழுவில் அதே செல்லைத் தேடிப் பிடித்து, "இங்கே நீ என்ன செய்கிறாய்?" என்று கேட்க முடியும். ஒப்பீட்டு ஆய்வு முழுவதும் இந்த ஒரு வசதியின் மேல்தான் நிற்கிறது.

முட்டையிடும் துளையை எடுத்துக்கொள்வோம். நான்காம் இளம்பருவப் புழுவைச் சாதாரணப் பிரிப்பு நுண்ணோக்கியில் பார்த்தால், வயிற்றுப் பக்கத்தின் நடுவில் வெண்மையான சிறு பிறை ஒன்று தெரியும். உருவாகிக்கொண்டிருக்கும் துளை அது. எலிகன்ஸில் ஆறு செல்கள் அந்த வேலைக்குத் தகுதி பெற்று வரிசையில் நிற்கின்றன. மேலே, இனப்பெருக்கச் சுரப்பியில் இருக்கும் நங்கூரச் செல், வளர்ச்சிக் காரணி வகையைச் சேர்ந்த ஒரு புரதத்தைச் சுரக்கிறது. அதன் பயனாக நடுவிலுள்ள மூன்று செல்கள் மட்டும் பிரிந்து 22 செல்கள் கொண்ட துளையை அமைக்கின்றன. லேசர் கதிரால் அந்த ஒரு நங்கூரச் செல்லை அழித்துவிட்டால் துளையே உருவாவதில்லை.

இனி பிரிஸ்டியோங்கஸ் பசிபிகஸுக்கு வருவோம். ஜெர்மனியின் டூபிங்கனில் ரால்ஃப் சோமரின் குழு வளர்த்தெடுத்த ஆய்வுப் புழு இது. துளை அதே இடத்தில் இருக்கிறது. அதே மூன்று செல்கள்தாம் அதை அமைக்கின்றன. ஆனால் எலிகன்ஸில் தோலோடு இணைந்துவிடும் அண்டைச் செல்கள் பல, இங்கே திட்டமிட்டபடி இறந்துபோகின்றன. நங்கூரச் செல் மட்டும் அல்லாமல் சுரப்பியின் பிற செல்களும் தூண்டுதலில் பங்கேற்கின்றன. தூண்டும் சமிக்ஞையும் வேறு: இங்கே முதன்மை வேலையைச் செய்வது விண்ட் எனப்படும், செல்களுக்கிடையே செய்தி கடத்தும் வேறொரு புரத வழித்தடம் என்பது 2008-இல் வெளியான ஆய்வில் தெரியவந்தது. மெசோராப்டிடிஸ் என்னும் இன்னோர் உருளைப்புழுப் பேரினத்திலோ சுரப்பியை முழுவதும் அழித்த பின்னும் துளை தோன்றுகிறது.

இதைப் படித்த பிறகு, இரண்டு விலங்குகளில் ஓர் உறுப்பு ஒன்றுபோல இருப்பதாலேயே அது ஒன்றுபோல உருவாகிறது என்று வகுப்பில் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. இயற்கைத் தேர்வு முட்டை வெளியேறுவதைத்தான் காக்கிறது. எந்தச் சமிக்ஞை அதைச் சாதித்தது என்பது ஓரளவு மாறினாலும் புழுவுக்கு இழப்பில்லை. அதனால் இந்த மாற்றங்கள் யார் கண்ணுக்கும் படாமல் சேர்ந்துகொண்டே போகின்றன. ஈயையும் எலியையும் ஒப்பிடும்போது இது தெரிவதில்லை. நெருங்கிய உறவினரை, செல் செல்லாக ஒப்பிட்டால்தான் பிடிபடுகிறது.

பிரிஸ்டியோங்கஸிடம் எனக்கு இன்னொரு ஈடுபாடும் உண்டு. இந்தியப் பெருங்கடலின் ரீயூனியன் தீவில் இது ஓரிக்டெஸ் பேரினத்து வண்டின் உடலில் தங்கியிருப்பது கண்டறியப்பட்டது. வண்டு உயிரோடு இருக்கும்வரை வளர்ச்சியை நிறுத்திக் காத்திருக்கும். வண்டு செத்த பின், சடலத்தில் பெருகும் நுண்ணுயிர்களைத் தின்று வளரும். குடியாத்தம் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் குருத்தைத் துளைக்கும் காண்டாமிருக வண்டும் அதே ஓரிக்டெஸ் பேரினம்தான். எருக்குழியைக் கிளறினால் அதன் புழுப்பருவம் கிடைக்கும். வளர்ந்த வண்டுகள் மழைக்குப் பிறகு விளக்கு வெளிச்சத்துக்குத் தாமாகவே வந்து விழும். அவற்றிலும் இத்தகைய புழு இருக்கிறதா என்று தேட, வண்டை இரண்டாக அறுத்து அகார் என்னும் கூழ் நிரப்பிய தட்டில் வைத்துவிட்டு, அடுத்து வரும் நாட்களில் தட்டைப் பார்த்துவந்தால் போதும். எந்தப் புழு இனம் வெளிவந்தாலும், அதன் வாயில் பல் இருக்கிறதா என்று பார்ப்பதே முதல் வேலை. பிரிஸ்டியோங்கஸில் ஒரே மரபணுத் தொகுதியுடைய புழு, வளரும் சூழலைப் பொறுத்து, பாக்டீரியா தின்னும் குறுகிய வாயோடும் வளரலாம், பிற புழுக்களைக் கடித்துத் தின்னும் அகன்ற வாயோடும் வளரலாம். இந்தத் தெரிவை இயக்கும் சாவி போன்ற ஒரு மரபணு 2013-இல் அடையாளம் காணப்பட்டது.

இளநிலை மாணவர்களின் செய்முறைப் பட்டியலில் வண்டிலிருந்து புழு எடுக்கும் இந்த வேலையைச் சேர்க்க வேண்டும் என்று துறையில் கேட்டிருக்கிறேன். நுண்ணோக்கியும் அகாரும் எங்களிடம் உள்ளன. ஆய்வகங்களில் இப்புழுக்களைப் பொதுவாக 20 டிகிரி அளவில் வளர்க்கிறார்கள். வேலூரின் மே மாதத்திலோ வெயில் 40 டிகிரியைத் தாண்டும். ஆகவே வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் வளர்ப்புப் பெட்டி ஒன்று கிடைக்கும்வரை, இந்த வேலையைக் கார்த்திகைக்கும் மாசிக்கும் இடைப்பட்ட மாதங்களில் வைத்துக்கொள்வதாகத் திட்டம்.