கேமிங் லேப்டாப் வாங்கும் முன் பயாஸையும் பாருங்கள்

கும்பகோணம் பக்கம் கல்லூரி சேரும் தம்பிகள் கிராபிக்ஸ் கார்டை மட்டும் பார்த்து கேமிங் லேப்டாப் வாங்குகிறார்கள். பல மாடல்களின் பயாஸில் (லேப்டாப் ஆன் ஆனதும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருளில்) ரேம் வேகத்தை மாற்ற இடமே இருக்காது. பிராசசர் 4800 MT/s ரேம் வேகம் வரைதான் தாங்கும் என்றால், 5600 ரேம் போட்டாலும் 4800-லேயே ஓடும். அந்தக் காசுக்கு ஒரே அளவில் இரண்டு ரேம் போட்டு, இரண்டும் ஒரே நேரத்தில் வேலை செய்யும் டூயல் சேனலில் ஓட்டுவது மேல்.

எனக்குக் கோபம் ஸ்டோரேஜ் விஷயத்தில்தான். இன்டெல் 11-ஆம் தலைமுறை முதல் வந்த பல லேப்டாப்களில் விஎம்டி (எஸ்எஸ்டியை நிர்வகிக்கும் இன்டெலின் வசதி) இயக்கத்தில் இருந்தால், விண்டோஸ் நிறுவும்போது பல நேரம் எஸ்எஸ்டி கண்ணிலேயே படாது. அதை அணைக்கும் வசதியைச் சில மாடல்களில் மறைத்தே வைத்திருக்கிறார்கள். மன்னார்குடியில் ஒரு தம்பியிடம் "எஸ்எஸ்டி போச்சு" என்றே கடையில் சொல்லிவிட்டார்கள். ஆர்எஸ்டி என்ற இன்டெலின் ஸ்டோரேஜ் டிரைவரைப் பென்டிரைவில் போட்டு, விண்டோஸ் நிறுவும் திரையில் 'லோட் டிரைவர்' கொடுத்ததும் வந்துவிட்டது. முழுக் காசும் கொடுத்து வாங்கியவருக்கு பயாஸைத் திறந்துவிட என்ன தயக்கம்?