ஏழாவது தடவை: சாக்லேட் ஒருவழியாக டக்கென்று உடைந்தது

நேற்று காலை ஆறரை மணிக்கு அச்சைக் கவிழ்த்ததும் சாக்லேட் தானாகக் கழன்று விழுந்தது. உடைத்தால் டக்கென்று சத்தம், மேலே நல்ல மினுமினுப்பு. வீட்டில் எல்லோரையும் எழுப்பி உடைத்துக் காட்டினேன். திட்டுதான் கிடைத்தது.

இதற்கு முந்தைய ஆறு தடவையும் சாம்பல் கோடு கோடாக, கையில் எடுத்தாலே பிசுபிசுவென்று. டெம்பரிங் (சாக்லேட்டை உருக்கி, ஆறவைத்து, மறுபடி லேசாகச் சூடாக்கிப் பதப்படுத்துவது) படிகளை இங்கே விரிவாக எழுதப் போவதில்லை. 45 டிகிரி, 27, 31.5 என்பது சாக்லேட் செய்பவர்கள் எல்லோருக்கும் மனப்பாடம். என் தகராறு அந்த 31.5-இல்தான்.

பள்ளிக்கூடத்தில் திடம், திரவம், வாயு என்று மூன்றோடு முடித்துவிட்டார்கள். சாக்லேட்டில் இருக்கும் கொழுப்பான கோகோ பட்டர் அதற்கெல்லாம் அடங்காது. திடமாக இருக்கும்போதே அதற்கு ஆறு ஃபேஸ் (நிலை) என்று கணக்கு. மூலக்கூறுகள் அதேதான், அடுக்கியிருக்கும் விதம் மட்டும் வேறு. உருகும் சூடும் அதற்கேற்ப மாறும்: முதலாவது 17 டிகிரியிலேயே உருகிவிடும், நான்காவது 27.5-இல், மினுமினுப்பும் டக்கென்ற உடைவும் தருவதால் நமக்கு வேண்டிய ஐந்தாவது 34-க்குக் கொஞ்சம் கீழே. ஆக 31.5-இல் நான்காவது கரைந்து போயிருக்கும், ஐந்தாவது மட்டும், மீதியையும் தன்னைப்போலவே அடுக்கவைக்கும் விதையாக மிஞ்சியிருக்கும். 34-ஐத் தொட்டால் விதையும் போச்சு.

என் தெர்மாமீட்டரில் 32-க்கு மேல் ஒருநாளும் போனதில்லை. அப்புறம் ஏன் சொதப்பல்?

வாங்கிய அன்றே கொதிக்கும் தண்ணீரில் வைத்துப் பார்த்திருந்தேன். 97 காட்டியது. கோவை கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டருக்கு மேலே இருக்கும் ஊர், தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும், சரிதான் என்று பெரிய மேதாவி மாதிரி விட்டுவிட்டேன். போன வாரம்தான் கணக்குப் போட்டேன். இந்த உயரத்துக்கு 98.6 வர வேண்டும்.

ஐஸை நொறுக்கி, இடுக்குகள் நிரம்பும் அளவு மட்டும் தண்ணீர் ஊற்றி, பத்து நிமிடம் கலக்கினேன். ஐஸும் தண்ணீரும் சேர்ந்து இருக்கும்வரை சூடு பூஜ்ஜியத்தை விட்டு நகராது. வெளியிலிருந்து வரும் வெப்பமெல்லாம் ஐஸை உருக்கவே செலவாகும். இரண்டு ஃபேஸ் ஒன்றாக இருக்கும் அந்தக் கிண்ணத்தைவிட நம்பகமான அளவுகோல் வீட்டில் வேறு கிடையாது. தெர்மாமீட்டர் காட்டியது: மைனஸ் 1.6.

நான் 32 என்று நினைத்தபோதெல்லாம் உண்மையில் 33.6! விதையை நானே உருக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். நேற்று திரையில் 29.9 (அதாவது உண்மையில் 31.5) வந்ததும் நிறுத்தினேன், அவ்வளவுதான்.

(ஆன்லைனில் 'கூவர்ச்சூர்' (கோகோ பட்டர் அதிகமுள்ள சாக்லேட்) என்று வாங்கிய ஒரு பாக்கெட்டில் பாம் கர்னல் எண்ணெய் இருந்தது. இப்படி கோகோ பட்டருக்குப் பதில் வேறு எண்ணெய் சேர்த்த காம்பவுண்டு சாக்லேட்டுக்கு டெம்பரிங்கே தேவையில்லை. பொருள் பட்டியலைப் படித்துவிட்டு வாங்குங்கள்.)

இன்னும் பாதி சாக்லேட் மீதி. அதை வார்ப்பதற்குள் பொள்ளாச்சித் தென்னந்தோப்பு ஒன்றிலிருந்து இரண்டு கிலோ கோகோ கொட்டைக்குச் சொல்லியாகிவிட்டது. கிரைண்டர் கல்லில் அரைக்கலாமா, மெலஞ்சர் (சாக்லேட் அரைக்கும் கல் இயந்திரம்) வாங்கலாமா? அரைத்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.