தம்பிக்கு மடித்த சுண்டல்

முக்கூடல் பக்கம் நாங்கள் நடத்தும் மாலை வகுப்புக்கு இந்த வாரம் ஒரு புதுப் பிள்ளை வந்தாள். ஏழாம் வகுப்பு. பென்சில் பிடித்த விரலைப் பார்த்தேன், நுனி வழவழவென்று தேய்ந்திருந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் அம்மா சுற்றிய பீடிக்கு முனை மடக்கும் கை அது. அப்பா இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. பீடிக்கு எண்ணிக்கைக் கணக்கில்தான் கூலி. அந்தத் தாயை நான் எப்படிக் குறை சொல்வேன்?

எங்கள் வகுப்பில் பாடத்துக்கு முன்னால் சுண்டல். அவள் பாதி தின்றுவிட்டு மீதியைக் காகிதத்தில் மடித்தாள். "தம்பிக்குக்கா" என்றாள். பீடி முனை மாதிரியே அத்தனை கச்சிதமான மடிப்பு. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

அப்புறம் ஒரு விஷயம், பலருக்கு இது தெரியவில்லை. பெற்றோரை இழந்த பிள்ளைகளும் கணவரை இழந்த தாய்மாரின் பிள்ளைகளும் வீட்டிலிருந்தே படிக்க, மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசுத் திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் உதவி உண்டு. வருமான வரம்பு இருக்கிறது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க வேண்டும். பிள்ளைகளுக்கு ஆபத்து என்றால் 1098, எந்த நேரமும் இலவசமாகக் கூப்பிடலாம். தயவுசெய்து உங்கள் தெருவில் சொல்லுங்கள்.

திங்கட்கிழமை அவள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு அந்தப் பாதுகாப்பு அலகுக்குப் போகிறேன். ஒருநாள் கூலி போய்விடுமே என்று தயங்கினார்கள். அதை நாங்கள் நாலு பேர் சேர்ந்து கொடுத்துவிட்டோம். இறப்புச் சான்றிதழை மட்டும் தேடி எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.