தோற்ற அணிக்கு இன்னோர் ஆட்டம்

இடவப்பாதி மழை தொடங்கும் நாள்களில், அதாவது மே மாதக் கடைசியிலும் ஜூன் முதல் வாரத்திலும், நான் அதிகாலை ஐந்து மணிக்கே எழுந்து கைப்பேசியின் முன் உட்கார்ந்துவிடுவது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பழகிப்போன ஒன்று. அமெரிக்காவின் ஓக்லஹோமா சிட்டியில் மாலை ஏழு மணிக்குத் தொடங்கும், பேஸ்பாலைப் போன்ற சாஃப்ட்பால் ஆட்டம், நாகர்கோவிலில் மறுநாள் காலை ஐந்தரை மணிக்குத் தெரியும். மாமியார் கொண்டுவந்து வைக்கும் கட்டஞ்சாயா ஆறிப்போகும் வரை கண்ணை எடுக்காமல் பார்ப்பேன். ஆடுபவர்கள் கல்லூரி மாணவியர்; அமெரிக்கக் கல்லூரிகளுக்கான தேசியக் கோப்பைத் தொடரின் கடைசிக் கட்டம் அது. ஏழு இன்னிங்ஸ், ஓடித் தொட வேண்டிய அடித்தளங்களுக்கு இடையே 60 அடி, பந்து வீசும் பிட்சர் நிற்கும் இடத்திலிருந்து அடிப்பவருக்கு 43 அடி என்று, நாங்கள் படித்த காலத்தில் ஆடிய அதே ஆட்டம்தான். ஆனால் ஆட்டத்தைவிட என்னை அதிகமாக ஈர்ப்பது, அந்தத் தொடருக்கு அணிகளைத் தேர்ந்தெடுக்கும் முறையும், தேர்ந்தெடுத்த அணிகளை ஒன்றோடொன்று மோதவிடும் வரிசையும் ஆகும். அதற்கான காரணம் 2004-ஆம் ஆண்டில் இருக்கிறது.

அப்போது நான் இளங்கலை இரண்டாம் ஆண்டு. எங்கள் கல்லூரி அணி மூன்று மாதம் காலை ஆறு மணிப் பயிற்சியை ஒருநாளும் விடாமல் முடித்துவிட்டு, ஆரல்வாய்மொழிக்கு வடக்கே ஓர் ஊரில் நடந்த கோப்பைப் போட்டிக்குப் போனது. போட்டி நடத்தியவர்கள் அணிகளின் பெயர்களைத் துண்டுச் சீட்டுகளில் எழுதி, ஓர் எவர்சில்வர் டம்ளரில் போட்டுக் குலுக்கி, அங்கே நின்ற ஒரு சிறுமியை எடுக்கச் சொன்னார்கள். முதல் சீட்டில் எங்கள் பெயர் வந்தது. இரண்டாவது சீட்டில், முந்தைய ஆண்டு கோப்பையை வென்ற அணியின் பெயர் வந்தது. ஏழாவது இன்னிங்ஸ் வரை சமமாக நின்று, கடைசியில் ஒரே ஒரு ரன்னில் தோற்றோம். மணி பத்தே முக்கால். "மக்களே, பைய எடுங்க, பதினொண்ணரை பஸ்ஸப் பிடிச்சிரலாம்" என்றார் எங்கள் உடற்கல்வி ஆசிரியை. இரண்டு நாளைக்கென்று மாற்றுடையோடு போனவர்கள், மதியத்துக்காக வாழையிலையில் கட்டிக் கொண்டுபோன பொதிச்சோற்றை முப்பந்தல் காற்றாலைகளைக் கடக்கும்போது பஸ்ஸிலேயே பிரித்தோம். ஜன்னல் வழியே அடித்த காற்றில் இலை புரண்டுவிடாமல் இருக்க, அடிப்பவரின் பின்னால் நின்று பந்து பிடிக்கும் எங்கள் கேட்சர் தன் கையுறையை இலையின் ஓரத்தில் பாரமாக வைத்துக்கொண்டு சாப்பிட்டதும், அந்தக் கையுறையின் மடிப்புகளில் காலை ஆட்டத்தின் செம்மண் காயாமல் ஒட்டியிருந்ததும் இன்றும் கண்ணில் நிற்கின்றன. குலுக்கலின் மறுபாதியில் விழுந்த ஓர் அணி, பயிற்சி ஆட்டங்களில் நாங்கள் இரண்டு முறை தோற்கடித்த அணி, அந்தக் கோப்பையின் இறுதியாட்டம் வரை போனது என்று பிறகு கேள்விப்பட்டோம்.

அந்த அணியின் மீது எனக்கு வருத்தம் இல்லை. மூன்று மாத உழைப்பின் அளவை ஒரு டம்ளரும் ஒரு காலைப் பொழுதும் தீர்மானித்துவிட முடிகிறதே என்பதுதான் என் வருத்தம்.

என்சிஏஏ என்று அழைக்கப்படும் அமெரிக்கத் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் முதல் பிரிவில் ஏறத்தாழ 300 கல்லூரிகள் பெண்கள் சாஃப்ட்பால் ஆடுகின்றன. பிப்ரவரியில் தொடங்கும் பருவத்தில் ஓர் அணி அதிகபட்சம் 56 ஆட்டங்கள் வரை ஆடலாம். மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை 64 அணிகளின் பட்டியல் வெளியாகும். அதில் ஏறத்தாழப் பாதி இடங்கள், மாநாடு என்று அவர்கள் அழைக்கும் வட்டாரக் கூட்டமைப்புகளில் வெற்றி பெற்ற அணிகளுக்கு நேரடியாகப் போய்விடும். சிறிய கல்லூரியோ பெரிய கல்லூரியோ, தன் கூட்டமைப்பின் போட்டியை வென்றுவிட்டால் அதன் இடத்தை யாரும் பறிக்க முடியாது. மீதி இடங்களை ஒரு தேர்வுக் குழு நிரப்புகிறது. ஒவ்வோர் அணியும் யாரோடு மோதியது, முதல் 25, முதல் 50 இடங்களில் இருக்கும் அணிகளை எத்தனை முறை வென்றது, ஒப்பிடப்படும் இரண்டு அணிகளும் நேருக்கு நேர் ஆடியபோது என்ன ஆயிற்று, இரண்டுக்கும் பொதுவான எதிரணிகளிடம் யார் எப்படி ஆடினார்கள் என்றெல்லாம் குழு பார்க்கும். குழு உறுப்பினர் ஒருவரின் சொந்தக் கல்லூரியைப் பற்றிய பேச்சு வந்தால் அவர் அந்த விவாதத்தில் கலந்துகொள்ளக் கூடாது. நம் ஊர்ப் போட்டிகளில் அவசியம் வரவேண்டிய விதி இது என்று எண்ணிக்கொள்வேன்.

இந்தத் தேர்வில் நீண்ட காலமாக முதன்மை இடம் பெற்றுவருவது ஆர்பிஐ என்ற குறியீட்டெண். அதன் கணக்கு எளிது. அணியின் சொந்த வெற்றி விகிதத்துக்கு 25 சதவீதம், எதிரணிகளின் வெற்றி விகிதத்துக்கு 50 சதவீதம், அந்த எதிரணிகளின் எதிரணிகளது வெற்றி விகிதத்துக்கு 25 சதவீதம் என்று எடை கொடுத்துக் கூட்டுவார்கள். 50 ஆட்டங்களில் 40 வென்ற ஓர் அணியை எடுத்துக்கொள்வோம். அதன் எதிரணிகளும், அவற்றின் எதிரணிகளும் சராசரியாகப் பாதிக்குப் பாதி வென்றவை என்றால், அந்த அணியின் எண் 0.575 என்று வரும். 50-இல் 32 மட்டுமே வென்ற இன்னோர் அணி, 60 சதவீதம் வெல்லும் அணிகளோடு மோதியிருந்து, அவற்றின் எதிரணிகள் 52 சதவீதம் வென்றிருந்தால் அதன் எண் 0.590. எட்டு வெற்றி குறைவாகப் பெற்ற அணி மேலே போய்விடுகிறது. வலுவானவர்களோடு மோதத் துணிந்தவருக்கு அந்தத் துணிச்சலுக்கான மதிப்பு கிடைக்கிறது என்பதால் இந்த எண்ணத்தின் அடிப்படை எனக்குப் பிடிக்கும்.

ஆனால் இந்தக் கணக்கு ஒருமுறை பெரிய மனக்குறையை உண்டாக்கியது. 2017-இல் மினசோட்டா பல்கலைக்கழக அணி 54 ஆட்டங்களில் வென்று மூன்றில் மட்டுமே தோற்றிருந்தது. பயிற்சியாளர்களின் வாக்கெடுப்பில் நாட்டிலேயே முதலிடத்தில் இருந்தது. பட்டியல் வெளியானபோது அந்த அணிக்குத் தேர்வுக் குழு கொடுக்கும் முதல் 16 தரவரிசை இடங்களில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. தரவரிசை பெறாததால் சொந்த ஊரில் ஆடும் வாய்ப்பும் போயிற்று. அலபாமா அணியின் ஊரான டஸ்கலூசாவுக்குப் பயணம் செய்து ஆடி, அங்கேயே அவர்களின் பருவம் முடிந்தது. மினசோட்டா பனி மாநிலம். பிப்ரவரியில் அங்கே திறந்த மைதானத்தில் ஆட முடியாது என்பதால், வாரக்கணக்கில் தெற்கு மாநிலங்களுக்குப் பயணம் செய்துதான் பருவத்தையே தொடங்க வேண்டும். அதன் பிறகு அவர்களது கூட்டமைப்பில் எதிரே வந்த அணிகள் பல, அந்த ஆண்டு பலவீனமாக இருந்தன. ஐம்பது சதவீத எடை எதிரணிகளுக்கு என்பதால், வெல்ல வெல்ல அவர்களுடைய எண் ஏறுவதற்கு வழியில்லாமல் போயிற்று. எந்த அணியோடு ஒரே கூட்டமைப்பில் இருக்கிறோம் என்பது மாணவியரின் கையில் இருக்கும் செய்தி அல்ல. டம்ளரிலிருந்து எடுத்த சீட்டும் இந்த எண்ணும் ஒன்று என்று நான் சொல்ல மாட்டேன், ஏனென்றால் எண்ணின் வாய்பாட்டை எல்லோரும் பார்க்க முடிந்தது. பார்க்க முடிந்ததால் அதை எதிர்த்து வாதாடவும் முடிந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2019-இல், அதே மினசோட்டா ஏழாம் தரவரிசை பெற்றுச் சொந்த ஊரில் ஆடி, முதல்முறையாக ஓக்லஹோமா சிட்டிக்கு வந்தது. அந்த வாரம் நான் எல்லா ஆட்டங்களையும் பார்த்தேன்.

தேர்ந்தெடுத்த பிறகு அணிகளைப் பிரிக்கும் முறையில்தான் என் மனம் முழுதாக ஒன்றுகிறது. 64 அணிகளும் நான்கு நான்காக 16 ஊர்களுக்குப் போகின்றன. தரவரிசை பெற்ற அணியின் ஊரே பெரும்பாலும் களம். தரவரிசை இல்லாத அணிகளை, முடிந்தவரை 400 மைல் தொலைவுக்குள் பஸ்ஸில் போய்ச் சேரக்கூடிய களங்களுக்கு ஒதுக்கப் பார்ப்பார்கள். விமானச் செலவு அவர்களுக்கும் செலவுதான். ஒரே கூட்டமைப்பைச் சேர்ந்த அணிகள் தொடக்கத்திலேயே மோதிக்கொள்ளாதபடியும் பார்த்துக்கொள்வார்கள். இந்த நான்கு அணிச் சுற்றில் வெல்லும் 16 அணிகள், 2005 முதல் இருந்துவரும் சூப்பர் ரீஜனல் என்ற அடுத்த சுற்றில் இரண்டிரண்டாக மோதும். மூன்று ஆட்டங்களில் இரண்டை வென்றவர் முன்னேறுவர். எஞ்சும் எட்டு அணிகள் ஓக்லஹோமா சிட்டிக்கு வந்து சேர்கின்றன.

முதல் சுற்றில் எந்த அணியும் ஒரு தோல்வியோடு வெளியேறுவதில்லை. நான்கு அணிகளில் முதல் நாள் வென்ற இருவரும் ஒருவரோடொருவர் மோதுவார்கள். தோற்ற இருவரும் ஒருவரோடொருவர் மோதுவார்கள். அந்த இரண்டாம் ஆட்டத்திலும் தோற்றவர்தான் வீட்டுக்குப் போகிறார். வென்றவர்களின் ஆட்டத்தில் தோற்ற அணி, கீழே பிழைத்து நிற்கும் அணியோடு ஆடும். அதில் வெல்லும் அணி, இதுவரை தோற்காத அணியை இறுதியில் சந்திக்கும். தோற்காத அணியை வெளியேற்ற வேண்டுமென்றால் அதை இரண்டு முறை வீழ்த்த வேண்டும். மொத்தம் ஆறு ஆட்டங்கள், தேவைப்பட்டால் ஏழு. வெள்ளி முதல் ஞாயிறு வரை மூன்று நாளில் முடிந்துவிடும். ஓக்லஹோமா சிட்டியிலும் எட்டு அணிகளை இரண்டு நான்காகப் பிரித்து இதே முறையில் ஆடவிட்டு, மிஞ்சும் இருவரை மூன்று ஆட்டத் தொடரில் மோதவிடுகிறார்கள்.

இந்த முறை என்ன செய்யும் என்பதை 2021 காட்டியது. தரவரிசையே இல்லாத ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகம் டென்னசியிலும் மிசௌரியிலும் அயலூர்க் களங்களில் வென்று வந்து, ஓக்லஹோமா சிட்டியின் முதல் ஆட்டத்திலேயே, அந்த ஆண்டின் முதல் தரவரிசை அணியான ஓக்லஹோமாவை எட்டு இன்னிங்ஸில் 4-3 என்று வீழ்த்தியது. அவர்களின் பிட்சர் ஒடிச்சி அலெக்சாண்டர், அடுத்து நடந்த ஓக்லஹோமா ஸ்டேட் அணியுடனான ஆட்டத்தில் எதிரணி மெல்லத் தட்டிவிட்ட பந்தை ஓடிவந்து எடுத்து, ரன் எடுக்க வீட்டுத் தளத்தை நோக்கி ஓடிவந்தவரைப் பாய்ந்து தொட்டு வெளியேற்றினார். முழு உடலும் மண்ணில் விழுந்து கிடக்க, பந்து கையை விட்டு நழுவாமல் இருந்தது. நம் ஊர் நாக்-அவுட்டாக இருந்திருந்தால் ஓக்லஹோமா முதல் நாளே ஊருக்குப் போயிருக்கும். ஜேம்ஸ் மேடிசன் கோப்பையோடும் திரும்பியிருக்கலாம். ஆனால் தோற்றவர்களின் பக்கத்தில் இறங்கிய ஓக்லஹோமா ஒவ்வோர் ஆட்டமாக ஏறி வந்து, அதே ஜேம்ஸ் மேடிசனை அடுத்தடுத்து இரண்டு முறை வென்று, இறுதித் தொடரிலும் புளோரிடா ஸ்டேட்டிடம் முதல் ஆட்டத்தைத் தோற்ற பின் மீதி இரண்டையும் வென்று கோப்பையை எடுத்தது. சிறிய அணியின் மீது அன்பு வைத்துப் பார்த்த எனக்கு மனம் கனத்தது உண்மை. ஆனாலும் அரங்கம் முழுவதும் எழுந்து நின்று அலெக்சாண்டரை அனுப்பிவைத்தபோது, அந்த அணி தன் முழு அளவையும் காட்டிவிட்டுத்தான் போகிறது என்று தோன்றியது. தற்செயலுக்கும் இந்த முறையில் இடம் உண்டு. 2025-இல் முதல் தரவரிசையில் இருந்த டெக்சஸ் ஏ அண்ட் எம், சொந்த மைதானத்திலேயே லிபர்ட்டி பல்கலைக்கழகத்திடம் தோற்று முதல் சுற்றோடு முடிந்துபோனது. முதல் தரவரிசை அணி ஒன்று இப்படி வெளியேறியது அதுவே முதல்முறை.

நம் நாட்டுப் பல்கலைக்கழகப் போட்டிகளில் மண்டல அளவில் நாக்-அவுட் ஆடிக் கடைசியாக மிஞ்சும் நான்கு அணிகள் லீக் முறையில் மோதுவது பல விளையாட்டுகளில் வழக்கம். அந்த நான்கு அணிகளுக்கு நியாயம் கிடைக்கிறது. முதல் நாள் பத்தே முக்கால் மணிக்குத் தோற்றவர்களுக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. செலவு ஆகும், நடுவர் கிடைக்கமாட்டார், மைதானம் இல்லை என்று காரணங்கள் சொல்லப்படும்; அவை பொய்யான காரணங்கள் அல்ல. எட்டு அணிகளை நாக்-அவுட்டாக நடத்த ஏழு ஆட்டம் போதும். இரு தோல்வி முறைக்குப் பதினான்கோ பதினைந்தோ வேண்டும். சாப்பாடும் தங்குமிடமும் இரண்டு மடங்காகும்.

ஆனால் நான்கு அணி என்றால் ஏழு ஆட்டத்தில் அடங்கிவிடும் என்ற கணக்கை நம்பி, சென்ற ஆண்டு நாகர்கோவிலுக்கு அருகே ஒரு பள்ளி மைதானத்தில் நாங்கள் பழைய ஆட்டக்காரிகள் சிலர் சேர்ந்து ஒரு சிறிய போட்டி நடத்தினோம். சனி, ஞாயிறு இரண்டு நாள். சீட்டுக் குலுக்கவில்லை, அந்தப் பருவத்தில் நான்கு அணிகளும் ஒருவரோடொருவர் ஆடிய பயிற்சி ஆட்டங்களின் முடிவுகளை எடுத்து வரிசைப்படுத்தி, ஒன்றுக்கு நான்கு, இரண்டுக்கு மூன்று என்று வைத்து, அந்தக் கணக்கை ஒரு வாரத்துக்கு முன்பே நான்கு பயிற்சியாளர்களுக்கும் அனுப்பினோம். ஒருவர் மட்டும் ஓர் ஆட்டத்தின் ரன் கணக்கு தவறு என்று சுட்டிக்காட்டினார், திருத்தினோம்.

சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு நான்காம் இடத்து அணி தோற்றது. பிள்ளைகள் வழக்கம்போலக் காலணியைக் கழற்றிப் பையில் வைக்கத் தொடங்கிவிட்டார்கள். நான் மதிப்பெண் அட்டையோடு போய், மூன்று மணிக்கு அடுத்த ஆட்டம் இருக்கிறது என்றதும், அணித் தலைவி "அக்கா, நாங்க தோத்துட்டோமே" என்றாள். வரைபடத்தைக் காட்டி விளக்கினேன். புளியமர நிழலில் வட்டமாக உட்கார்ந்து பொதிச்சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு, மூன்று மணிக்கு வந்து அந்த ஆட்டத்தை வென்றார்கள். மறுநாள் காலை இரண்டாம் இடத்து அணியிடம் தோற்று மூன்றாமிடம் பெற்றார்கள். ஞாயிறு மாலை ஏழாவது ஆட்டம் தேவைப்பட்டது. ஐந்தாவது இன்னிங்ஸில் வெளிச்சம் மங்கியதால் அதை அத்துடன் நிறுத்தி முடிவு அறிவிக்க வேண்டியதாயிற்று. இந்த ஆண்டு முதல் ஆட்டத்தைக் காலை ஏழு மணிக்கே தொடங்கப்போகிறோம். மூன்றாவதாக ஒரு நடுவரையும் இப்போதே தேடிக்கொண்டிருக்கிறோம்.