லைட்னிங் பிக்கப்புக்கு பிரேக் பேடும் டயரும்: மார்ச் முதல் அக்டோபர் வரை

மார்ச் மாதம், டெக்சாஸில் லேக்கியிலிருந்து வாண்டர்பூல் போகும் 337-ஆம் எண் சாலை. மலை ஏறி இறங்கும், வளைவுக்குமேல் வளைவாக வரும் சாலை அது. மூன்றாவது இறக்கத்தில் ஒரு கருகல் வாடை வந்தது. அடுத்த வளைவுக்கு முன்னால் பிரேக்கை அழுத்தினால் வண்டி வேகம் குறையவே யோசித்தது. பக்கத்தில் மச்சினன். "அத்தான், என்ன ஆச்சு? பெடல் உள்ள போயிடுச்சா?" என்றான். இல்லை, பெடல் கல்லுபோல இறுகித்தான் இருந்தது. வண்டிதான் நிற்கவில்லை. கியரைக் குறைத்து, ஓரமாக ஒதுங்கி, அரை மணி நேரம் ஆற விட்டுவிட்டு மெதுவாக சான் அன்டோனியோ திரும்பினோம்.

வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 2003 ஃபோர்டு எஃப்-150 எஸ்விடி லைட்னிங். இன்று லைட்னிங் என்றால் 2022-இல் வந்த மின்சார பிக்கப்பைத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். என்னுடையது 1999 முதல் 2004 வரை வந்த பெட்ரோல் வண்டி. 5.4 லிட்டர் வி8, அதன் தலையில் ஈட்டன் சூப்பர்சார்ஜர், 380 குதிரைத்திறன், இரண்டே கதவு, பின்சக்கரத்துக்கு மட்டும் விசை. எடை 2,100 கிலோவுக்கு மேல். எஞ்சினின் கனம் முழுக்க முன்னால் உட்கார்ந்திருக்கும்; பின் தொட்டி காலியாக இருந்தால் பின்பக்கம் லேசு. பிரேக் போட்டதும் மூக்கு தாழ்ந்து, வேலை எல்லாம் முன் சக்கரங்களின் தலையில் விழுகிறது. இதை நான் வாங்கியது ஓட்டுவதற்கு, பூட்டி வைத்துப் பார்ப்பதற்கு இல்லை. அதனால் பிரேக்கை முறையாகச் செய்துவிட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

மச்சினன் கேட்ட கேள்வி சரியான கேள்வி. சூட்டில் பிரேக் கைவிடுவது இரண்டு வகை. பிரேக் ஆயில் கொதித்துவிட்டால் குழாய்க்குள் ஆவி சேரும். ஆவி அமுங்கும் என்பதால் பெடல் பஞ்சுபோல உள்ளே போகும். சக்கரத்தோடு சுழலும் ரோட்டர் தட்டை இருபுறமும் அழுத்திப் பிடிப்பது பேட்; அது தன் சூட்டு எல்லையைத் தாண்டினால் பெடல் இறுக்கமாகவே இருக்கும், ஆனால் பிடிப்பு இருக்காது. எனக்கு வந்தது இரண்டாவது.

சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. பேடை அழுத்தும் கவ்விதான் காலிப்பர். வலது முன் காலிப்பரில், அது நகர்ந்து கொடுக்க உதவும் ஒரு ஸ்லைடு பின் துருவேறி இறுகிவிட்டிருந்தது. அந்தப் பக்கம் உள் பேட் ஆப்புபோலச் சாய்வாகத் தேய்ந்திருந்தது. எவ்வளவு நல்ல பேட் வாங்கிப் போட்டிருந்தாலும் இது அதையும் தின்றிருக்கும். பின்களை எடுத்துச் சுத்தம் செய்து, ரப்பர் உறைகளை மாற்றி, பிரேக்குக்கென உள்ள சிலிக்கான் கிரீஸ் தடவினேன். சாதாரண கிரீஸ் போட்டால் ரப்பர் ஊதிப் பழையபடி இறுகிவிடும். ரோட்டரில் வார்த்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனை மைக்ரோமீட்டரில் ஒப்பிட்டேன். ஒன்று எல்லையை ஒட்டி இருந்ததால் முன்பக்கம் இரண்டையும் மாற்றினேன். ஓட்டை போட்டது வேண்டாம், சாதாரண ரோட்டரே போதும் என்று எடுத்தேன். இவ்வளவு கனமான வண்டியில் அந்த ஓட்டைகளிலிருந்துதான் விரிசல் கிளம்பும். அழகுக்காக அதை ஏற்க மனம் வரவில்லை.

ஆயிலையும் மாற்றினேன். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 என்ற தரத்து ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் ஏறியபின் அந்த எல்லை 140. டாட் 4-க்கு 230, 155. டாட் 3 ஓடும் வண்டியில் டாட் 4 ஊற்றலாம். டாட் 5 மட்டும் வேண்டாம், அது சிலிக்கான்; பெயரைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது.

அப்புறம் பேட். பழைய பேடின் ஓரத்தைத் துடைத்துப் பார்த்தால் ஒரு நீளமான குறியீடு, அதில் இரண்டு ஆங்கில எழுத்து: ஈஈ (EE). இதைப் பலர் கவனிப்பதே இல்லை. முதல் எழுத்து மிதமான சூட்டில் உராய்வு எவ்வளவு என்பது, இரண்டாவது அதிகச் சூட்டில் எவ்வளவு என்பது. ஈ என்றால் உராய்வுக் கெழு 0.25 முதல் 0.35 வரை, எஃப் 0.35 முதல் 0.45, ஜி 0.45 முதல் 0.55. ஒரு சிறு துண்டை வெட்டி ஆய்வுக்கூடத்தில் சோதித்துத் தருவது என்பதால் இதுவே முழு உண்மை இல்லை. ஆனாலும் இரண்டு டன் வண்டியில் ஈஈ போட்டு மலை இறங்கியது என் தவறு என்று சொல்ல இது போதும்.

இங்கே நான் எதிர்ப்பக்கம் எகிறிவிட்டேன். ரேஸ் டிராக்குக்கு என்று விற்கும் பேடை ஏப்ரலில் வாங்கிப் போட்டேன். மலையில் அபாரம், எத்தனை இறக்கம் இறங்கினாலும் சலிக்கவில்லை. ஆனால் காலையில் மகளைப் பள்ளிக்குக் கூட்டிப்போகும்போது, முதல் சிக்னலில், ஆறிக்கிடந்த பேட் பிடிக்கவே இல்லை. முன்னால் நின்ற காருக்கு ஒரு முழம் இடைவெளி வைத்து வண்டி நின்றது. மகள் ஒன்றும் சொல்லாமல் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பேடுக்குச் சூடு ஏறினால்தான் உயிர் வரும். தெருவில் ஓடும் வண்டிக்கு முதல் மிதியிலேயே பிடித்தாக வேண்டும். அந்த வாரமே கழற்றினேன்.

மூன்றாவதாகப் போட்டது ஹாக் நிறுவனத்தின் எல்டிஎஸ், பிக்கப், எஸ்யூவி போன்ற கனமான வண்டிகளுக்கென வருவது. ரேஸ் பேடின் சூட்டுத் தாங்குதிறன் இதற்கு இல்லை, ஆனால் குளிரிலும் பிடிக்கிறது. ரோட்டரில் முந்தைய பேடின் படிவம் இருந்ததால் உப்புத்தாள் கொண்டு தேய்த்து எடுத்துவிட்டு, புதிய பேடின் பொருள் சீராகப் படியும்படி பதப்படுத்தினேன். ஆளில்லாச் சாலையில் 60 மைலிலிருந்து 10 மைல் வரை அழுத்தமாகக் குறைத்து, முழுதாக நிறுத்தாமல் மறுபடி வேகமெடுத்து, இப்படி எட்டுத் தடவை. பிறகு பத்து நிமிடம் பிரேக்கையே தொடாமல் ஓட்டி ஆற்ற வேண்டும். சூடாக இருக்கும்போது பெடலை மிதித்தபடி நின்றுவிட்டால் பேட் பொருள் ஒரே இடத்தில் திட்டாக ஒட்டிக்கொள்ளும். ரோட்டர் வளைந்துவிட்டது என்று பலர் சொல்லும் அதிர்வு பெரும்பாலும் இந்தத் திட்டுதான்.

ஜூனில் நண்பரின் பண்ணைக்குள் இருக்கும் நேரான தார்ச்சாலையில் நிறுத்திப் பார்த்தோம். அங்கேதான் எனக்கு உறைத்தது. 60 மைலில் முழு பலத்தோடு மிதித்தால், பேட் பிடித்த உடனேயே, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் கடகடவென்று உதறத் தொடங்கிவிடுகிறது. சக்கரத்தைப் பூட்டும் அளவுக்கு பிரேக்கில் பலம் இருக்கிறது, தரையைப் பிடிக்க டயரில்தான் பலம் இல்லை. மச்சினன் குனிந்து டயரின் பக்கச் சுவரைப் பார்த்து, "அத்தான், இது 2213" என்றான். 2013-ஆம் ஆண்டின் 22-ஆவது வாரத்தில் செய்த டயர். வெட்டு ஆழம் இன்னும் நன்றாகவே இருந்ததால் நான் வாங்கிய நாளிலிருந்து திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நகத்தால் அழுத்தினால் பிளாஸ்டிக்கை அழுத்துவதுபோல இருந்தது. முதலில் பார்த்திருக்க வேண்டியது இதைத்தான். மார்ச்சில் பேட் கருகியது உண்மை. ஆனால் அவசரத்துக்கு ஒரே ஒரு தடவை மிதித்து நிறுத்த வேண்டி வந்திருந்தால், பேட் எதுவாயிருந்தாலும் இந்த டயர் என்னைக் காப்பாற்றியிருக்காது.

டயர் தேர்வில்தான் அதிக நாள் போனது. கம்பெனி அளவு நான்கு சக்கரத்துக்கும் 295/45 ஆர்18; அதாவது அகலம் 295 மி.மீ., பக்கச் சுவரின் உயரம் அதில் 45 சதவீதம், வீல் 18 அங்குலம். இந்த அளவில் இன்று கிடைப்பவை மிகக் குறைவு. அதனால் பலர் 20 அங்குல வீலுக்கு மாறி 275/40 ஆர்20 போடுகிறார்கள். நானும் காகிதத்தில் கணக்குப் போட்டேன். 295-இல் 45 சதவீதம் 132.75 மி.மீ.; அதை இரட்டித்து வீலின் 457.2-ஐச் சேர்த்தால் விட்டம் கிட்டத்தட்ட 723 மி.மீ. 275/40 ஆர்20 போட்டால் 728. வேறுபாடு ஒரு சதவீதம்கூட இல்லை, ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது. அதே 18 அங்குலத்தில் 285/50 போட்டால் 742, இரண்டரை சதவீதத்துக்கு மேல் கூடிவிடும்.

அளவு சரி என்றாலும் 20 அங்குலத்துக்குப் போக எனக்கு விருப்பமில்லை. பெரும்பாலும் வீலின் கனம் கூடும், அந்தக் கனமும் அச்சிலிருந்து தள்ளி இருக்கும். சுற்றும் கனத்தையும் பிரேக்தான் நிறுத்தியாக வேண்டும். இவ்வளவு பாடுபட்டு பிரேக்கைச் செய்துவிட்டு அதன் முதுகில் இன்னொரு மூட்டையை ஏற்றுவானேன்?

சுமை எண்ணும் பார்த்தேன். உதாரணத்துக்கு, 106 என்றால் ஒரு டயர் 950 கிலோ தாங்கும். ஆனால் கார் டயரை பிக்கப்பில் போடும்போது அமெரிக்க விதிப்படி அதை 1.1-ஆல் வகுக்க வேண்டும்; கையில் நிற்பது 863 கிலோதான். கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் சீட்டில் ஒவ்வொரு அச்சுக்கும் உச்ச எடை போட்டிருக்கும். அதில் பாதியை, வாங்கும் டயருக்கு இப்படிக் கணக்கிட்டு வந்த எடையோடு ஒப்பிட்ட பிறகே பணம் கட்டினேன்.

பிறகு ரப்பர். கோடைக்கால டயருக்கு ஆசைதான். ஆனால் அந்த ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே விறைக்கும். இந்த ஊரில் ஜனவரிக் காலைகளில் அந்தக் குளிர் வரும், 2021 பிப்ரவரியில் மாநிலமே உறைந்து கிடந்ததையும் பார்த்தோம். பக்கச் சுவரில் பிடிப்புத் தரம் ஏஏ என்று இருந்தால் பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். அது ஈரத் தரையில் நேர்கோட்டில் பிரேக் போட்டு அளந்த தரம் மட்டுமே. வளைவைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. கடைசியில் 18 அங்குலத்திலேயே, கூடுதல் சுமை தாங்கும் எக்ஸ்எல் வகையில், எல்லாப் பருவத்துக்குமான வேக டயர் ஒன்று நான்கு எடுத்தேன். கடைக்காரர் மாட்டுவதற்கு முன் தேதிக் குறியீட்டைக் காட்டச் சொன்னேன். நான்கும் இந்த ஆண்டுடையவை.

செப்டம்பரில் அதே பண்ணைச் சாலை, அதே பேட், அதே வேகம். பழைய டயரில் வண்டி நின்ற இடத்தைச் சராசரி பார்த்து ஓரக் கம்பியில் பெயிண்டால் குறித்து வைத்திருந்தோம். ஆறு தடவை நிறுத்தியதில் ஆறும் அந்தக் கோட்டுக்கு முன்பே நின்றன. டேப் வைத்துப் பார்த்தால் நாலரையிலிருந்து ஐந்து மீட்டர் வரை குறைவு. வெப்பமானியை ரோட்டரில் காட்டினேன். முன்னால் 300 டிகிரியைத் தாண்டியிருந்தது, பின்னால் அதில் பாதிகூட இல்லை. பின் பேடுகளை இன்னும் மாற்றவில்லை. பின்பக்கம் பிடிப்பு மிகுந்துவிட்டால் காலித் தொட்டியோடு அது வாலை ஆட்டும் என்பதால், அங்கே எஃப்எஃப் போதும் என்று வாங்கி வைத்திருக்கிறேன்.

அக்டோபரில் மறுபடி 337. மூன்றாவது இறக்கம் வந்ததும் மச்சினன் கண்ணாடியை இறக்கி மோப்பம் பிடித்தான். "வாடை இல்ல அத்தான்" என்றான். நான்காவதையும் இறங்கினோம்.