கன்சல்டன்ட்ட எப்பங்க கூப்பிடறது?

போன வாரம் பக்கத்து பில்டிங்ல பனியன் கம்பெனி வச்சிருக்கற தம்பி ஒருத்தரு வந்து, "அண்ணா, ஒரு கன்சல்டன்ட் போடலாம்னு இருக்கேன், போடலாமாங்கண்ணா"ன்னு கேட்டாரு. "எதுக்கு தம்பி?"ன்னேன். "எல்லாமே ஒரு மாதிரி இழுக்குதுங்கண்ணா"ன்னாரு. அப்படின்னா இப்ப வேண்டாம்னுட்டேன். ஏன்னு முழுசா சொல்ல நேரமில்ல, அதான் இங்க எழுதறேன்.

நாங்களும் இதே மாதிரிதான் முதல் தடவ ஒருத்தர கூட்டிட்டு வந்தோம். கம்பெனி எப்படி இருக்குன்னு பாத்து சொல்லுங்கன்னோம், அவரும் மூணு மாசம் வந்து பாத்தாரு, கடைசில ஒரு ஃபைல் குடுத்தாரு, செலவ கொறைங்க, ஆர்டர் கூட்டுங்க, நல்ல ஆள வைங்கன்னு இருந்துச்சு. அவரு மேல தப்பு சொல்ல மாட்டேன், நாங்கதான் கேள்வியே கேக்கல. உண்மைய சொன்னா, எங்க பிரச்சன எங்களுக்கு அப்பவே தெரியும். கட்டிங்ல துணி வீணாகுது, ஆனா கட்டிங் மாஸ்டரு எங்கப்பா காலத்து ஆளு, அவருகிட்ட எப்படி சொல்றதுன்னு தயங்கிட்டு, வெளியாளு வாயால வரட்டும்னு காத்துட்டு இருந்தோம். அதுக்கு கன்சல்டன்ட் ஃபீஸும் மேல 18 சதவீதம் ஜிஎஸ்டியும் கட்டுனோம். கடைசில ஒரு நாள் மாஸ்டர் வீட்டுக்கே போயி நான்தான் பேசுனேன், ஒரு டீ குடிக்கற நேரத்துல முடிஞ்சு போச்சு.

ரெண்டாவது தடவ அப்படி இல்ல. டி-ஷர்ட் லைன்ல எத்தன ஆள் போட்டாலும் மணிக்கு 70 பீஸ் தாண்டல, கடைசில ஓரம் மடிச்சு தைக்கற பேட்லாக் மெஷின் ரெண்டு புதுசா வாங்கலாம்னு கொட்டேஷன் கூட வாங்கிட்டோம். அந்த ஒரு கேள்விய மட்டும் எழுதி, இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங் தெரிஞ்ச ஒருத்தர கூப்பிட்டோம். அவரு ஆபீஸ்ல உக்காரவே இல்ல, ஸ்டாப்வாட்ச் எடுத்துட்டு ஒவ்வொரு டெய்லர் பக்கத்துலயும் நின்னு, ஆளுக்கு பத்து பீஸ் டைம் எடுத்தாரு. கழுத்து ரிப் 30 செகண்ட், கை ஏத்தறது 50 செகண்ட், கை ஏத்தறதுக்கு இருந்தது ஓவர்லாக் மெஷின்ல (துணிகள ஓரம் சேத்து தைக்கறது) ஒரே ஒரு அம்மா. 3600ஐ 50ஆல வகுத்தா 72 தான வரும், அப்புறம் பின்னாடி எத்தன பேட்லாக் போட்டு என்ன ஆகும்? அந்தம்மா காலடில பண்டில் குவிஞ்சு கெடக்கறத நான் தெனமும் பாத்துட்டுதான் போவேன், சுறுசுறுப்பா வேல நடக்குதுன்னு நெனச்சுக்குவேன். கை ஏத்தறதுக்கு இன்னொரு ஓவர்லாக் போட்டோம், பேட்லாக் வாங்கவே இல்ல.

தெனமும் பாத்து பாத்து நம்ம கண்ணுக்கு தெரியாம போன விஷயத்துக்குத்தாங்க வெளியாளு வேணும். இல்லைன்னா, நம்ம தொழில்லயே இல்லாத அறிவு ஒரு தடவ தேவப்படறப்ப. 2011 ஜனவரில ஹைகோர்ட் உத்தரவுல இங்க திருப்பூர்ல சாயப்பட்டறையெல்லாம் மூடுனப்ப, திறக்கறதுக்கு ஒரு சொட்டு கழிவுத்தண்ணி கூட வெளிய போகக்கூடாதுன்னு ஆச்சு. கழிவுத்தண்ணிய சுத்தம் பண்ற ஆர்ஓ, மிச்சத்த ஆவியாக்கற எவாப்பரேட்டர் எல்லாம் சாயம் போடறவங்க அனுபவத்துல வர்ற சங்கதியா? அதுக்கு தெரிஞ்சவங்கள கூப்பிட்டுத்தான் ஆகணும். ஆனா மாசாமாசம் வர்ற வேலைக்கு வெளியாளு வேண்டாம், அதுக்கு நம்ம ஆளு ஒருத்தர பழக்கி விடறதுதான் நல்லது.

காசு இல்லைன்னு தள்ளிப் போடறவங்களுக்கு ஒண்ணு. 2023 மார்ச்ல ஒன்றிய அரசு கொண்டு வந்த எம்எஸ்எம்இ லீன் ஸ்கீம்ல (சிறு, நடுத்தர தொழில்கள்ல வீணாகறத கொறைக்கற திட்டம்), உத்யம்ங்கற அரசு தொழில் பதிவு இருந்தா, பேசிக் கட்டம் தாண்டி அடுத்த ரெண்டு கட்டத்துக்கும் கன்சல்டன்ட் செலவுல 90 சதவீதம் அரசே தருது. ஆனாலும் கேள்விய நீங்கதான் கொண்டு போகணும்.

அந்த தம்பிகிட்ட ஒரு 40 பக்க நோட்டு வாங்க சொல்லிருக்கேன். ஒரு மாசம் தெனமும் எத்தன கிலோ துணி உள்ள வந்துச்சு, எத்தன பீஸ் வெளிய போச்சு, எந்த டேபிள்ல வேல நின்னுச்சுன்னு அவரு கையாலயே எழுதணும். நோட்டோட வாங்க தம்பி, அப்புறம் யார கூப்பிடலாம்னு உக்காந்து பேசலாம்னு சொல்லிருக்கேன்.