டீக் ஹை, சாப்

அவன் முதலில் என்னை "அண்ணே" என்றுதான் கூப்பிட்டான். இரண்டே நிமிடத்தில் அது "சாப்" ஆகிவிட்டது. இரண்டுக்கும் நடுவில் நான் சொன்ன ஒரு பதில் இருக்கிறது. மாதங்கள் ஆகியும் அதைத்தான் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவத் திட்டம் இ.சி.எச்.எஸ். அதன் மருத்துவ மையம் ஒன்றில் டிரெஸ்ஸிங் அறையில் ஒப்பந்தத்தில் வேலை பார்க்கிறேன். நானும் ஓய்வு பெற்ற பட்டாளத்துக்காரன்தான். அன்று காலையில்தான் பட்டியல் வந்தது. இனி லோக்கல் பர்ச்சேஸில், அதாவது உள்ளூர்க் கடையில், வாங்கித் தர முடியாதவை: வலிக்குத் தடவும் ஜெல், கால்சியம், வைட்டமின் மாத்திரைகள், தோல் வெடிப்புக்கான கிரீம். கிரேப் பேண்டேஜ் ஆளுக்கு வருடத்துக்கு ஒன்று. இவற்றுக்கு 'இருப்பில் இல்லை' என்ற என்.ஏ. சீலும் குத்தக்கூடாது என்று பொறுப்பு அதிகாரி வாய்மொழியாகச் சொன்னார். சீல் குத்தினால் வெளியில் வாங்கி, பில் வைத்துப் பணம் கேட்பார்கள், அது இன்னொரு செலவு. அவரும் ஓய்வு பெற்ற அதிகாரிதான், அவரும் ஒப்பந்தத்தில் இருப்பவர்தான். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் காகிதத்தையே பார்த்துக்கொண்டு சொன்னார். நிதி இல்லை என்பதுதான் காரணம். அது எங்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை.

பெரியவர் மாதம் ஒருமுறை டிரெஸ்ஸிங் அறைக்கு வருவார். வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருக்கும் ஊர் அவருடையது. இரண்டு பஸ் மாறி வர வேண்டும். இடது காலில் இரண்டு விரல்கள் முதல் கணுவோடு முடிந்துவிடும். சியாச்சின் பனிமலையைப் பிடிக்க 1984 ஏப்ரலில் ஆபரேஷன் மேக்தூத் தொடங்கி மூன்றாவது வருடம் அங்கே இருந்தவர். பனிக்கடி பட்டு விரல் போன பிறகும் அந்தக் கால் முழுதாக ஆறவில்லை. கொஞ்சம் குளிர் காற்று அடித்தாலே தோல் உலர்ந்து, குதிகால் ஓரம் பாளம் பாளமாக வெடிக்கும். நடையைச் சாய்த்துச் சாய்த்து முழங்காலும் போய்விட்டது. ஒரு டியூப் ஜெல், ஒரு டியூப் கிரீம், ஒரு பேண்டேஜ், கொஞ்சம் கால்சியம். அவருடைய மாதத் தேவை அவ்வளவுதான். பட்டியலில் இருந்ததும் அதேதான். அவருக்காகவே யாரோ உட்கார்ந்து எழுதிய மாதிரி இருந்தது.

அன்று மகனோடு வந்திருந்தார். விடுப்பில் வந்தவன், இன்னும் பணியில் இருப்பவன். நிற்கும் நிற்பிலேயே தெரிந்தது. அப்பாவின் செருப்பைக் குனிந்து கழற்றி, சுவரோரம் ஜோடியாக நேராக வைத்தான்.

ஸ்டூலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு நான் பழைய பேண்டேஜைப் பிரித்தேன். வெடிப்பைத் துடைத்தேன். கையிருப்பில் மிச்சமிருந்த கிரீமைத் தடவினேன். புதிய பேண்டேஜைச் சுற்றிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னேன்: "ஐயா, இதைத் துவைச்சு வெச்சுக்கோங்க. அடுத்த மாசம் புதுசு கிடையாது. ஜெல்லு, கிரீம் எல்லாம் வெளியில வாங்கிக்கோங்க. நூறு, இருநூறு ரூபா பொருள்தானே."

பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. மகன்தான் கேட்டான். குரலை உயர்த்தவே இல்லை. "அண்ணே, அப்பாவுக்கே இப்படின்னா, நாங்க பென்ஷன் வர்றப்ப என்ன மிச்சம் இருக்கும்?"

எனக்கு முன்னால் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். காலையிலிருந்து இதே விளக்கத்தை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேனோ. அதெல்லாம் சேர்ந்து வாயில் வந்தது இது: "ஆர்டர்னா ஆர்டர்தான் தம்பி. நீயும் யூனிபார்ம் போட்டவன்தானே, உனக்குத் தெரியாதா?"

அவன் உடம்பு லேசாக விறைத்தது. கைகள் பக்கவாட்டில் வந்து ஒட்டிக்கொண்டன. "டீக் ஹை, சாப்" என்றான். சரி, ஐயா. தமிழில் பேசிக்கொண்டிருந்தவன் இந்திக்குப் போய்விட்டான். குனிந்து அப்பாவுக்குச் செருப்பை மாட்டிவிட்டான். போய்விட்டார்கள்.

நடந்தது இவ்வளவுதான். யாரும் யாரையும் திட்டவில்லை. புகார் புத்தகத்தில் ஒரு வரி இல்லை.

நான் பொய் சொல்லவில்லை. பட்டியல் என் கையெழுத்தில் வந்ததில்லை. என் ஒப்பந்தம் ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கப்படுவது. தடுத்த மருந்தைக் கொடுத்தால் இருப்புக் கணக்கில் இடிக்கும், பதில் சொல்ல வேண்டியவன் நான். இதையெல்லாம் எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டுவிட்டேன். இதில் எதுவும் தவறில்லை.

பட்டியலிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது என்று இப்போதும் நினைக்கிறேன். ஒருவர் இறந்துபோன பிறகு அவர் மகள் ஒரு கட்டைப்பையைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். "யாருக்காவது கொடுங்க" என்றார். உள்ளே பிரிக்காத கால்சியம் அட்டைகள், முத்திரை உடைக்காத ஜெல் டியூப்கள். மாதாமாதம் வாங்கி அலமாரியில் அடுக்கியிருக்கிறார். பாதி காலாவதியாகிவிட்டது. அந்தப் பணத்தில் ஒருவருக்கு இன்சுலின் வாங்கியிருக்கலாம். இருக்கும் நிதியை முக்கியமானதற்கு ஒதுக்கு என்று சொல்பவரை நான் எப்படிக் குறை சொல்வது? பெரியவருக்கு நாளைக்கே முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை தேவைப்பட்டால், திட்டம் அங்கீகரித்த மருத்துவமனைக்கு ரெஃபரல் எழுதுவோம், அவர் கையிலிருந்து காசு போகாமல் நடக்கும். பெரியதைச் செய்கிறார்களே, சிறியதை நாம் பார்த்துக்கொள்ளக் கூடாதா?

இப்படி யோசித்துக்கொண்டே போய் ஒருநாள் இன்னும் மோசமான இடத்துக்கு வந்து சேர்ந்தேன். 2018ல் நான் ஹவில்தாராக வெளியே வந்தபோது இ.சி.எச்.எஸ். சந்தாவாக 30,000 ரூபாய் கட்டினேன். பெரியவர் 1995ல் வந்தவர். 1996 ஜனவரி 1க்கு முன் ஓய்வு பெற்றவர்களுக்குச் சந்தாவே கிடையாது. "ஒரு பைசா கட்டாதவர்தானே" என்று ஒரு ராத்திரி எனக்குள் ஓடியது. அப்படி நினைத்தவன் நான்தான். அந்தக் காலை மாதாமாதம் மடியில் வைத்துக் கட்டியவனும் நான்தான்.

உடனே மனசு கணக்கை மறுபக்கமும் போட்டது. இந்தத் திட்டமே 2003 ஏப்ரல் 1ல்தான் வந்தது. 1995க்கும் 2003க்கும் நடுவில் எட்டு வருடம் அவர் என்ன செய்திருப்பார்? மிலிட்டரி ஆஸ்பத்திரியில் இடமும் மருந்தும் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் சொந்தக் காசு. கட்ட வேண்டியதை அவர் பனியிலேயே கட்டிவிட்டார் என்று சொல்லிவிடலாம். ஆனால் அது மேடையில் பேசும் பேச்சு. அவர் ஒருநாளும் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. சியாச்சின் பற்றி அவர் சொன்னதெல்லாம், மண்ணெண்ணெய் அடுப்பில் பனியை உருக்கித் தண்ணீர் எடுக்க எவ்வளவு நேரம் ஆகும் என்பது மட்டும்தான்.

என்னை அதிகமாகக் குடைவது வேறு. நான் யூனிட்டில் நர்சிங் அசிஸ்டண்டாக இருந்தவன். ஜவான்கள் எங்களை "டாக்டர் சாப்" என்றுதான் கூப்பிடுவார்கள். முதல் போஸ்டிங்கில் எங்கள் ஆர்.எம்.ஓ., அதாவது யூனிட்டின் டாக்டர், ஒரு பழக்கம் வைத்திருந்தார். யூனிட்டின் மருத்துவ அறையான எம்.ஐ. ரூமுக்கு வந்த எவனையும் வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. தலைவலி என்று பொய் சொல்லி வந்தவனாக இருந்தாலும் உட்காரவைத்து பி.பி. பார், நாலு மாத்திரை கொடு, பேர் சொல்லிக் கூப்பிட்டு அனுப்பு என்பார். மாத்திரை அவன் தலைவலிக்கு இல்லை. இரவு பந்தோபஸ்துக்குப் போகிறவனுக்கு, தனக்கு ஏதாவது ஆனால் பின்னால் பார்க்க ஓர் அறை இருக்கிறது என்று தெரிய வேண்டும். மொரால், மன உறுதி என்று பயிற்சியில் பாடம் எடுப்பார்கள். எனக்கு அது என்னவென்று புரிந்தது அந்த எம்.ஐ. ரூமில்தான்.

அது வீண் செலவுதானே என்று இன்று கேட்டால், ஆமாம், வீண் செலவுதான். தேவையில்லாத மாத்திரை தேவையில்லாததுதான். கட்டைப்பையோடு வந்த அந்த மகளை நினைத்தால் ஆர்.எம்.ஓ. தவறு என்றும் தோன்றுகிறது. அந்தப் பையனின் விறைப்பை நினைத்தால் அவர்தான் சரி என்றும் தோன்றுகிறது. ஒரு நாளில் இரண்டும் மாறி மாறி வரும்.

பட்டியலைப் பற்றி அவன் கேட்கவே இல்லை, எதிர்காலத்தைப் பற்றிக் கேட்டான். பதில் எனக்குத் தெரியாது. "தெரியலைப்பா, எனக்கும் அதே கவலைதான்" என்று சொல்லியிருக்கலாம். எனக்கும் ஒருநாள் முழங்கால் போகும், இதே வரிசையில் நானும் உட்காருவேன். அதைச் சொல்வதற்குப் பதிலாக அவன் எதிர்த்துப் பேச முடியாத ஒரே வார்த்தையை எடுத்து அவன் மேல் வைத்தேன். ஆர்டர். பதினேழு, பதினெட்டு வயதில் எங்களுக்குள் போட்டது அது. எதிரி முன்னால் நிற்கும்போது யோசிக்காமல் நகர்வதற்காகப் போட்டது. கிரீம் டியூப் கேட்ட ஒருவனை வாயடைக்க நான் அதைப் பயன்படுத்தினேன்.

அடுத்த மாதம் பெரியவர் தனியாக வந்தார். மகன் வேலைக்குத் திரும்பிவிட்டான் என்றார். ஏதாவது சொன்னானா என்று கேட்டேன். "சர்வீஸ் நீட்டிப்புக்கு அன்வில்லிங் எழுதிக் கொடுத்துட்டானாம்" என்றார். இனி நீட்டிப்பு வேண்டாம் என்று. எனக்குக் கை நின்றுவிட்டது. அவரே தொடர்ந்தார், "புள்ளைங்க படிப்பு இருக்குல்ல தம்பி. பொண்டாட்டியும் எத்தனை நாளைக்குத் தனியா இருப்பா."

காரணம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். இப்படிப்பட்ட முடிவை எவனும் ஒரு பேண்டேஜுக்காக எடுப்பதில்லை, விடுப்புக்கு வருமுன்பே முடிவு செய்திருப்பான். ஆனாலும் வீட்டில் இரண்டு பக்கமும் எடை போட்டுப் பார்த்த ராத்திரியில், என் டிரெஸ்ஸிங் அறையும் ஒரு தட்டில் இருந்திருக்குமோ என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. பெரியவரிடம் கேட்கும் தைரியம் வரவில்லை.

அவர் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினார். போன மாதம் கட்டிய பேண்டேஜ். துவைத்து, நிழலில் காயவைத்து, ஓரம் பிசகாமல் இறுக்கமாகச் சுருட்டி, நுனியில் கொக்கி குத்தி வைத்திருந்தார். கூடவே கடையில் வாங்கிய ஒரு டியூப் கிரீம். "இதை எவ்வளவு தடவணும்னு மட்டும் காட்டுங்க தம்பி, வீணாயிடக் கூடாது" என்றார்.

காட்டினேன். சுண்டைக்காய் அளவு எடுத்து, விரல் இல்லாத இடத்திலிருந்து தொடங்கிக் குதிகால் வரை.